இறக்கை மூடும்வரை

அந்தப் பட்டாம்பூச்சி இறக்கையை மூடவில்லை.

ஆனந்தி என்கிற அந்தப் பெண் சரிவில் குப்புறப் படுத்துக் கேமராவைப் பிடித்திருந்தாள். எருத்தேன்பதியிலிருந்து எங்கள் உடும்பஞ்சோலைக்கு ஒரு பூச்சியைப் பார்க்க வந்தாளாம். யார் நம்புவார்கள்?

மேல்பக்கம் ஆரஞ்சு, கறுப்புப் புள்ளி. அப்படி வேறு பூச்சிகளும் உண்டாம். அடிப்பக்கம் பார்த்தால்தான் எந்த இனம் என்று சொல்ல முடியுமாம்.

அரிய இனம் என்று தெரிந்தால், மாடு மேயக் கூடாதென்று சரிவை வேலி போட்டு அடைத்துவிடுவார்கள் என்று டீக்கடையில் பேச்சு. இங்கே மேய்ச்சலுக்கு வேறு புல் கிடையாது. சுற்றிலும் ஏலக்காடு.

மூடாதே, மூடாதே என்று பூச்சியை முறைத்துக்கொண்டு நின்றேன்.

மூடித் தொலைத்தது.

அடியில் பச்சை படிந்த நிறம். ஈயம் பூசிய பாத்திரம்போலப் பளபளவென்று புள்ளிகள்.

"அதேதானுங்க!" என்று கத்தினாள். நான்கு வருஷமாகத் தேடினாளாம். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். "எழுதிக்கிட்டுப் போயி வேலி போடுவீங்க. அதானே?"

தரையோடு தரையாகக் கிடந்த ஊதாப்பூச் செடியைக் காட்டினாள்.

"இதோட புழு இந்த இலையத்தான் திங்குமுங்க தாத்தா. புல்லு வளந்து மூடுச்சுன்னா செடி செத்துப்போயிரும். வேலி வேண்டாம், மாடு மேயோணும்னுதான் எழுதப் போறேன்."

வனத்துறை அவள் எழுதுவதைத்தான் கேட்குமாம். எழுதினாள். படித்துக் காட்டச் சொன்னேன். இரண்டு தடவை. இரண்டு தடவையும் ஒரே மாதிரிதான் படித்தாள்.

அப்புறம் முழங்கையைத் தூக்கிக் காட்டினாள். பச்சைச் சாணி.

"ஏனுங்க தாத்தா, ஜீப்ப விட்டு எறங்குனதும் இங்க யாரும் மாடே வளக்கறதில்லைன்னீங்க. இதென்ன, பட்டாம்பூச்சி போட்டதுங்களா?"

என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். எத்தனை நாளாயிற்றோ.

மேலே பார்த்துக் குரல் கொடுத்தேன். "ஏ மதலேனா! அவுத்து விடு!"

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் கதவு திறந்தது. விடியற்காலையிலிருந்து உள்ளே அடைபட்டுக் கிடந்த மூன்று மாடுகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சரிவில் இறங்கின. ஆனந்தி கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு வழி விட்டாள்.

பின்னாலேயே தலையெல்லாம் வைக்கோலோடு என் மனைவி மதலேனம்மாள் வந்தாள்.

"மாடுக வாய மூடி இருக்கணும்னு தீனி போட்டுப் போட்டு இருந்த வைக்கோலும் தீந்துபோச்சு. இன்னும் செத்த நேரம் போயிருந்தா, மாட்டுக்கு முந்தி நானே கத்தியிருப்பேன்."