கிறிஸாந்தோவின் மூன்றாவது பாட்டு

முதல் பாட்டு முடிவதற்குள்ளேயே என் தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

“இன்னும் ரெண்டு பாட்டு இருக்கு வாத்தியாரே! நடுவுல சத்தம் நின்னுச்சோ, எம்பொண்ண மறந்துட்டு அடுத்த படகுல ஏறிரணும்!”

மைக்கிலேயே சொன்னார் கிறிஸாந்தோ. அன்று அவருக்கு அறுபதாவது பிறந்தநாள். முற்றத்தில் கூடியிருந்த சனம் நூடுல்ஸ் தட்டும் கையுமாக என் காலையே பார்த்தது.

எங்கள் தீவுகளில் பெண் கேட்டுப் போகிறவன் அந்த வீட்டுக்கு விறகு பிளந்து, தண்ணீர் சுமந்து காட்ட வேண்டும். என் கெட்ட நேரம், புயலில் கம்பமெல்லாம் சாய்ந்து பதினோரு நாளாகக் கரண்ட் இல்லை. அவர் பாடும் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நான் கரண்டையே மிதித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

நான் பெண் கேட்டு வந்த மரிவிக்கின் அண்ணன் மணிலாவில் நடத்திய ஜிம்மை மூடியபோது இரண்டு உடற்பயிற்சி சைக்கிள்களை அனுப்பியிருந்தான். ஒவ்வொன்றிலும் ஒரு பழைய மோட்டாரைப் பூட்டி, இரண்டையும் ஒரே ஒயரில் இணைத்தேன். ஒன்று முற்றத்தில், மற்றது சமையல்கட்டுக்குப் பின்னால். காலையில் சோதித்தபோது, நான் இதை மிதிக்க அது ஆளில்லாமல் தானாகச் சுற்றியது. மரிவிக்கின் அம்மா பயந்துபோய்ச் சிலுவை போட்டுக்கொண்டார்.

பின்பக்கத்து சைக்கிளை மிதிக்க வேண்டிய என் சிநேகிதன் தொமெங், படுபாவி, மத்தியானமே கள்ளைக் குடித்து மட்டையாகிவிட்டான்.

பள்ளியில் நான் நடத்துகிற பாடம்தான். காந்தத்துக்கு நடுவே சுருளைச் சுற்றினால் மின்சாரம் பிறக்கும். பிறந்த கையோடு, தன்னைப் பெற்ற அந்தச் சுழற்சியையே தடுக்கிற திசையில் பாயும். கரும்பலகையில் எழுதும்போது இவ்வளவு வலித்ததில்லை.

கிறிஸாந்தோ குரலை உயர்த்த உயர்த்த பெடல் கனத்தது. கிழவர் வேண்டுமென்றேதான் கத்தினார்.

“எங்கப்பா எதையும் மொதல்ல எதிர்ப்பாரு. நீ பாட்டுக்கு மிதி” என்று மரிவிக் என் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

மூன்றாவது, பழைய காதல் பாட்டு. ஒயர் இல்லாத மைக். நடந்துகொண்டே பாடுவது அவர் வழக்கம். பாடியபடியே வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டார்.

பாதிப் பாட்டில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. இரண்டு காலும் பெடலைவிட்டு நழுவின.

போச்சு. எல்லாம் போச்சு. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

பாட்டு நிற்கவில்லை.

கண்ணைத் திறந்தேன். என் பெடல்கள் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

ஸ்பீக்கரில் கிறிஸாந்தோவுக்கு மூச்சு வாங்கியது. ஒரு சொல், ஒரு இரைப்பு. இன்னொரு சொல், இன்னொரு இரைப்பு. மரிவிக் ஓடிப்போய்ப் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“கண்மணியே... அட, மிதி... மிதி... மாப்ளே...” என்று ராகம் பிசகாமல் வந்தது.

அந்தப் பாட்டில் அப்படியொரு வரி கிடையாது.