உயிரோடு எத்தனை?

"டாக்டர், கும்பிட்டுக் கேக்கறேன், சீக்கிரம் வாங்க. கண்ணு முன்னாடியே ஒண்ணொண்ணா போகுது!"

கோழிப்பண்ணைக்காரரின் குரல் உடைந்தது. மறுமுனையில் இருந்த அரசாங்கக் கால்நடை டாக்டர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "உயிரோட எத்தனை இருக்கு?"

"காலையில நாலாயிரம். இப்ப மூவாயிரத்து ஐந்நூறு தேறும்."

"ரயில்வே கேட்டுல மாட்டிக்கிட்டோம். தாண்டினா ஒரு மணி நேரம். அதுவரைக்கும் எப்படியாவது தாக்குப் பிடிங்க."

ஒரு மணி நேரமாம். சொல்கிறவருக்கு என்ன, கோழி அவருடையதா?

பண்ணைக்காரர் உச்சி வெயிலில் கூரைமேல் ஏறி, சூடு தணியட்டும் என்று குழாயால் தண்ணீர் அடித்தார். கீழே அவர் மனைவி மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, கூண்டு கூண்டாகப் போய் மருந்து ஃபில்லரால் ஒவ்வொரு அலகிலும் சர்க்கரைத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். தலை தொங்கிவிட்டவற்றைக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாண்டிப் போனாள்.

"என்னங்க, ரெண்டாவது வரிசையில மறுபடியும் முப்பது போச்சுங்க!"

"போனதைப் பார்க்காத. இருக்கறதுக்குத் தண்ணி விடு. டாக்டர் வர்றதுக்குள்ள எல்லாம் போச்சுன்னா நாம தெருவுலதான் நிக்கணும்."

மிகைப்படுத்திச் சொல்லவில்லை அவர். போன வருஷம் முட்டையில் நல்ல காசு என்று கண்டவனெல்லாம் கோழி வளர்க்கக் கிளம்பினான். முட்டை மலையாகக் குவிந்து, தீவனக் காசுகூடத் தேறாத விலைக்கு இறங்கியது. கோழிகளைப் பட்டினி போட மனசில்லாமல் வீட்டை விற்றுத் தீவனம் வாங்கினார்கள். இப்போது தீவன மூட்டைகளுக்குப் பக்கத்து அறைதான் குடித்தனம்.

போன் அடித்தது. டாக்டர் என்று பாய்ந்து எடுத்தார். முட்டை வியாபாரி.

"அண்ணே, இன்னைக்கு விலை கேட்டீங்களா? போன மாசத்தைவிட ரெண்டு மடங்கு! மூணு ஊர்ல பண்ணையெல்லாம் காலி, சரக்கே இல்லை. பேக்கரிக்காரன் எங்க வீட்டு வாசல்லயே குடியிருக்கான். ஒரு லோடு குடுங்கண்ணே."

"என்கிட்ட முட்டை இல்லப்பா."

"விளையாடாதீங்க. நேத்துதானே பார்த்தேன், அட்டை அட்டையா கூரை வரைக்கும் அடுக்கி வச்சிருந்தீங்க!"

"இருக்கு. ஆனா பண்ணை கேட்டைத் தாண்டாது. இங்கயும் வந்துடுச்சு, பறவைக் காய்ச்சல்."

வியாபாரி குரலைத் தாழ்த்தினார். "சத்தமில்லாம குடுத்துடுங்கண்ணே. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமேப்பா" என்று போனை அணைத்தார். எந்த விலைக்காக ஒரு வருஷம் ராப்பகலாக ஏங்கினாரோ, அந்த விலை வந்தேவிட்டது. அவரைப் போன்றவர்கள் நாசமானதால்தான் வந்தது. சிரிப்பதா அழுவதா என்று யோசித்தார், அழுகைதான் வந்தது.

பண்ணைக்குப் பின்னால் பொக்லைன் உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"ஐயா, செத்தது ஐந்நூறு அறுநூறுதானே? இந்தக் குழி போதும்."

"போதாது. நான் சொன்ன அளவு தோண்டு."

"இதுல ஒரு லாரியையே நிறுத்தலாம் போலிருக்கே!"

"தோண்டுப்பா. நேரமில்லை."

துக்கத்தில் மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முணுமுணுத்தபடி ஓட்டுநர் இன்னும் ஆழமாக அள்ளினார்.

ஒரு மணி நேரம் என்றது ஒன்றரையாக இழுத்தது. பண்ணைக்காரரின் மனைவிக்குக் கை மரத்துவிட்டது. இருந்தாலும் ஃபில்லரை விடவில்லை. "குடிடா கண்ணு, இன்னும் கொஞ்ச நேரம், வந்துடுவாங்க" என்று ஒவ்வொரு கோழியிடமும் கெஞ்சினாள்.

கடைசியில் வேன் வந்தே விட்டது. தலை முதல் கால் வரை வெள்ளை உடை மாட்டிய எட்டுப் பேர் திமுதிமுவென இறங்கினார்கள். முன்னால் வந்த டாக்டர் கையில் ஒரு படிவம்.

"உயிரோட எத்தனை?"

"மூவாயிரத்துச் சொச்சம். நீங்களே எண்ணிக்குங்க டாக்டர்."

டாக்டர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். "மத்த இடத்துல நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள பாதிகூட மிஞ்சலை. எப்படிங்க இத்தனையைப் பிடிச்சு வச்சிருக்கீங்க?"

பண்ணைக்காரர் மனைவியைக் காட்டினார். அவள் ஒரு கோழியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தாள். அதன் கழுத்து துவண்டு கிடந்தது.

"இது முடிஞ்சுபோச்சேம்மா" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர், உசிர் இருக்கு! நல்லா பாருங்க!" விரலால் அலகைத் திறந்து ஒரு சொட்டு விட்டாள். தொண்டை மெல்ல அசைந்தது. கோழி ஒரு கண்ணைத் திறந்து, தினமும் தீனி போடுகிறவளை அடையாளம் கண்டதுபோல் பார்த்தது.

அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, கோழியை டாக்டரிடம் நீட்டினாள்.

"சீக்கிரம் கொன்னுடுங்க டாக்டர்... தானா செத்துட்டா இழப்பீடு கிடையாதாமே!"