தொட்டுக்கொள்ள நாலு கிண்ணம்

"கடுகு சாஸ் எங்கயும் இல்லீங்க. மயோனைஸும் இல்ல. லவுட்டோக்கா பஜார் பூரா சுத்திட்டேன்."

இந்திராவதி பையைக் கவிழ்த்துக் காட்டினாள். வெங்காயமும் கொத்தமல்லியும்தான் விழுந்தன.

தங்கராஜுக்கு முகம் செத்துவிட்டது. "ஒரு கடையிலயுமா இல்ல?"

"மே மாசம் பட்டாளம் பார்லிமென்டுக்குள்ள பூந்ததுலேர்ந்து இந்தத் தீவுக்குக் கப்பல் எங்க ஒழுங்கா வருது? பச்சப் புள்ளைக்குப் பால் மாவு இல்லங்கறான். உங்களுக்குக் கடுகு சாஸா?"

அவன் கையிலிருந்த தாளைப் பார்த்தான். மூன்று நாட்களாக எழுதி, அடித்து, மறுபடி எழுதிய பட்டியல். முதல் இரண்டு வரிகளும் போயின.

மறுநாள் மதியம் சாப்பிட வரப்போகிறவர் கெல்லர் என்ற ஸ்விஸ்காரர். மெல்பர்னில் உணவகம் வைத்திருக்கிறார். சுற்றுலாக்காரர்கள் வருவது நின்று, நாந்தி நகர ஓட்டல்கள் ஆட்களைக் குறைத்தபோது வேலை இழந்தவன் தங்கராஜ். அப்படிப்பட்ட சமையல்காரர்களில் ஒருவரை மட்டும் கெல்லர் அழைத்துப் போவார். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு வேளை சாப்பிட்டுப் பார்க்கிறார். பிடித்துவிட்டால் வேலை, விசா, குடும்பத்தோடு விமானம். அவர் ஊர்ச் சாப்பாடே போடலாம் என்று தங்கராஜ் பழைய ஓட்டலில் ஃபாண்டூ பாத்திரம் இரவல் வாங்கி வந்திருந்தான்.

"இதுல இருக்கற வில்லங்கம் உனக்குப் புரியல, இந்திரா. மேசை நடுவுல எண்ணெய் கொதிக்கும். கறித்துண்ட முள்ளுல குத்தி, வர்றவரே வேக வெச்சுத் தின்னுக்குவாரு. சமையக்காரனுக்கு அதுல என்ன வேல? தொட்டுக்கறதுதான் பூரா பரீட்சை!"

"அப்ப ரெண்டு நாளா கத்தி தீட்டுனது எதுக்கு?"

"சிரிக்காத. ஏற்கெனவே மாட்டுக்கறிக்குப் பதிலா ஆடும் கோழியும் வெக்கிறோம்."

"அது இந்த வீட்டுக்குள்ள வராது. தீ மிதிக்கற காலு உங்களுது. ஞாபகம் இருக்கட்டும்."

"அச்சா, அச்சா. இப்பத் தொட்டுக்க என்னதான் வெக்கறது?"

"இருக்கறத வெப்போம். புளிச் சட்னி, தேங்காப்பால் மித்தி, கொத்தமல்லித் தொவையல், எலுமிச்ச அச்சார். நாலு கிண்ணம். பக்கத்துல கசாவாக் கெழங்க வேக வெச்சுப் பொரிச்சுடலாம்."

"ஸ்விஸ்காரருக்குப் புளிச் சட்னியா? பட்டிக்காட்டான்னு எந்திரிச்சுப் போயிடுவாரு!"

"போனா போறாரு. நம்ம கரும்பு இருக்கே."

"கரும்பு! உன் தங்கச்சிங்க மூணு பேரும் வேன்கூவர் போய்ச் சேந்தாச்சு. நாம மட்டும் இந்த ட்ராசா ஊர்ல யாருக்குக் கரும்பு நடறது?"

"நமக்குத்தான்," என்றாள் அவள். புளியை எடுத்து ஊறவைத்தாள். லோவுவில் அவள் பிறந்த வீட்டு மரத்துப் புளி. நான்கு பெண்களும் கல்லெறிந்து உதிர்த்து, உப்பு தொட்டுத் தின்று, பல் கூசி, இரவுச் சோற்றை மெல்ல முடியாமல் அப்பாவிடம் அடி வாங்கியது நினைவுக்கு வந்தது. இப்போது அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். மரத்தடியில் பொறுக்கிக்கொள்ள மட்டும் விடுகிறார்கள்.

மித்தியைப் பக்கத்து வீட்டுப் பூர்வகுடிப் பெண் லித்தியா கற்றுக்கொடுத்திருந்தாள். தேங்காய்ப்பாலில் வெங்காயம், மிளகாய், எலுமிச்சை. இந்திய வீடுகளைக் குறிவைத்துக் கலவரம் வந்த அந்த வாரம், ஊரே கதவடைத்துக் கிடந்தபோது, வேலிக்கு மேலே ஒரு கிண்ணம் மித்தியை நீட்டியவள் அவள்தான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அழுதார்கள்.

"மிளகாயக் கொறைச்சுப் போடு," என்றான் தங்கராஜ்.

"நான் போடற மாதிரிதான் போடுவேன்."

ஞாயிறு மதியம் கெல்லர் வந்தார். எண்ணெய் கொதித்தது. ஆட்டுக்கறித் துண்டைத் தானே குத்தி, தானே வேகவைத்து, புளிச் சட்னியில் தோய்த்து வாயில் போட்டார். கண் கலங்கியது. மூக்கு சிவந்தது. தங்கராஜ் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினான்.

கெல்லர் அடுத்த துண்டைக் குத்தினார். மித்தியில் தோய்த்தார். துவையலில், அச்சாரில், மறுபடி புளியில். கடைசியில் முள்ளை வைத்துவிட்டு, கசாவாத் துண்டால் நாலு கிண்ணங்களையும் வழித்துச் சாப்பிட்டார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார்.

"இறைச்சியை நானே வேகவைத்துக்கொண்டேன். இதையெல்லாம் செய்தது யார்?"

தங்கராஜ் பொய் சொல்லியிருக்கலாம். மனைவியை ஒருமுறை பார்த்தான்.

"என் மனைவி, சார்."

கெல்லர் பேனாவைத் திறந்தார். "அப்படியானால் வேலை அவருக்கு. நீங்கள் கணவராகக் கூட வாருங்கள். கறியும் நன்றாகத்தான் வெட்டுகிறீர்கள்."

இந்திராவதி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கார் கரும்பு ரயில் பாதையைத் தாண்டியதோ இல்லையோ, தங்கராஜ் குதித்தான். "ஏ இந்திரா! உன் பேர்லயே விசா! ஜல்தியா ஒலை வை. லித்தியா வீட்டையும் கூப்பிடறேன், எல்லாரும் இங்கயே சாப்பிடட்டும்!"

அவள் மெல்ல உள்ளே போய் அரிசி டின்னில் கைவிட்டாள். அரிசிக்கு அடியில் விரலில் தட்டுப்பட்டன, நேற்று பஸ்ஸிலிருந்து இறங்கி, கொல்லைப்பக்கமாக வந்து, அவளே ஆழமாகப் புதைத்து வைத்த கடுகு சாஸும் மயோனைஸும், மூடி திறக்காமல்.