பின் சில்லுக்கு ஒரு கல்

பனி பார்க்கவென்று இத்தாலியின் பலெர்மோ நகரிலிருந்து மலையேறிய இரவல் கார், உறைந்த வளைவில் நின்றுபோய், மெல்லப் பின்னோக்கி வழுக்குகிறது. கைபிரேக் பிடிக்கவில்லை. மகேந்திரராசா கால்பிரேக்கை அமத்திக்கொண்டு பக்கத்தில் இருக்கும் சிவமலரைப் பார்க்கிறான். புகைப்படம் பார்த்துச் சம்மதித்த கலியாணம். அவள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினொரு நாள்தான். “உம்மடை காலை என்ரை காலுக்கு மேலை வையும். நான் மெல்ல எடுக்கிறன்.” கியர்த் தடியைத் தாண்டி அவள் கால் நீட்டுகிறாள். அவனுடைய சப்பாத்து அடியிலிருந்து நழுவிப்போக, காரின் பாரம் முழுக்க அவள் காலுக்கு வருகிறது. அவன் கதவைத் திறந்து இறங்க, குளிர் உள்ளே பாய்கிறது. சாரதி இருக்கைக்கு நகர்ந்தவளின் கண்ணைப் பனியில் பட்ட வெயில் கூசவைக்கிறது. தெருவோரத்துக்கு அப்பால் வெறும் பள்ளம்; வெகு தூரத்தில் கடல் நீலக் கோடாய்க் கிடக்கிறது. கண்ணாடியில் பார்க்கிறாள்: பெரிய கல்லொன்றைத் தூக்கிக்கொண்டு, பின் டயருக்கு முட்டுக்கொடுக்க அவன் காருக்கு நேர் பின்னால் குந்துகிறான். “அங்கை நிக்காதேங்கோ, என்ரை கால் நடுங்குது!” அவன் நிமிரவேயில்லை. “நீர்தானே பிடிச்சிருக்கிறீர்,” என்கிறான். அவள் மற்றக் காலையும் பிரேக்கில் ஊன்றுகிறாள். கல் சில்லுக்கடியில் நறுக்கென்று இறுகுகிறது. “இனிக் காலை எடும்.” அவன் எழும்பி, காரை விட்டு விலகி, அவளுடைய கதவடிக்கு வந்து சேரும்வரை அவள் எடுக்கவில்லை.