கத்தியில்லா வைத்தியம்

“காது நரம்புல சின்னக் கட்டிதாங்க. புற்றுநோய் இல்லை. ஆனா வளர விடக்கூடாது” என்றார் டாக்டர்.

பம்ப்செட் பட்டறை வைத்திருக்கும் ஆறுச்சாமி, பக்கத்தில் இருந்த மனைவி சரோஜினியைப் பார்த்தார்.

“ஆபரேஷன்னா காதுக்குப் பின்னால முடியை மழிச்சுட்டு...”

“வேண்டாமுங்க” என்று ஆறுச்சாமி இடைமறித்தார்.

“கத்தியே இல்லாம கதிர்வீச்சு இருக்கு. சென்னையில தலைக்கு ஒரு சட்டம் மாட்டி, ஒரே நாள்ல முடிச்சுடுவாங்க.”

“அதும் வேண்டாமுங்க!”

“தலையோட ஒட்டின மாதிரி முகமூடி போட்டு, அஞ்சு வாரம் கொஞ்சங்கொஞ்சமாவும் கொடுக்கலாம்.”

“தலையைத் தொடாம ஏதாச்சும் இருக்குதுங்களா?”

டாக்டர் திகைத்தார். வியர்த்துப்போன ஆறுச்சாமி, தண்ணீர் குடிக்க வெளியே போனார்.

சரோஜினி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். “அவருக்கு வலிக்குப் பயமில்லீங்க டாக்டர். தலையில இருக்கறது பொய்முடி, விக்குங்க. பதினோரு வருசமா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டிருக்காரு.”

“உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?”

“கண்ணாலமான புதுசுல பவானி கூடுதுறையில முங்குனாருங்க. அவருக்கு முன்னால அது மேல வந்துருச்சு. நான் அந்தப்பக்கம் திரும்பிக்கிட்டேன். சம்சாரம் கூட வரக்கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, போதும்.”

ஆறுச்சாமி திரும்பி வந்தார்.

“இந்தச் சின்னக் கட்டிக்கு ஒரு நாள் வைத்தியமே போதுங்க. ஆனா, மனைவியைக் கூட்டிட்டுப் போகக்கூடாது” என்றார் டாக்டர்.

“அட, இதை மொதல்லயே சொல்றதில்லீங்களா! நாளைக்கே பொறப்படறனுங்க.”

சரோஜினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

“அழுவாத அம்மணி, ஒரு நாளுதான” என்று ஆறுச்சாமி தேற்றினார்.