பாட்டு வந்தது, பாட்டுக்காரி வரவில்லை

"நீ ஒண்ணும் சொல்லாதே தங்கச்சி. என்ன கோளாறுன்னு செட்டே என்கிட்ட சொல்லும்!"

ரேடியோக் கடை அப்புத்துரை கையை உயர்த்தினார். மேசை மேல் கேசட் செட்டையும், ஒரே வயரில் தொங்கிய இரண்டு ஸ்பீக்கர்களையும் வைத்த குணவதி விழித்தாள்.

"இல்லண்ணே, நான் எதுக்கு வந்தேன்னா..."

"பதினெட்டு வருசமா மார்க்கெட் ஸ்ட்ரீட்ல கடை வச்சிருக்கேன். வர்றவங்க சொல்றதைக் கேட்டுச் செட்டைத் திறந்தா எல்லாம் தப்பாத்தான் போகும். எப்ப வேணும்?"

"ஆறு மணி ஃபெர்ரியைப் பிடிக்கணும். ஏழு மணிக்கு அக்கரையில, பட்டர்வொர்த்துல கல்யாண விருந்து. பாட்டுக்கு என்னைத்தான் நம்பியிருக்காங்க. பெரிய வீடுண்ணே. இன்னிக்குச் சொதப்பினா அப்புறம் யாரும் கூப்பிட மாட்டாங்க."

"அஞ்சரைக்கு வா. போய்ப் பூ வாங்கி வச்சுக்க லா!"

தையல்காரரிடம் ரவிக்கை வேறு வாங்க வேண்டியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குணவதி ஓடினாள்.

அப்புத்துரை செட்டைக் கரண்டில் செருகி, உள்ளே இருந்த கேசட்டை ஓடவிட்டார். வயலின் வந்தது. புல்லாங்குழல் வந்தது. தபேலா கொஞ்சம் மெலிந்து வந்தது. பல்லவி தொடங்க வேண்டிய இடத்தில்...

யாரும் பாடவில்லை.

"என்னாப்பா இது, பாட்டுக்காரி எங்கே?" கோப்பி குடிக்க வந்த பக்கத்துக் கடை மீரா சாகிப் எட்டிப் பார்த்தார். "லீவு போட்டுட்டாளா?"

"கேசட் மட்டமா இருக்கும்." அப்புத்துரை தன்னுடைய கேசட் ஒன்றைப் போட்டார். அதிலும் வாத்தியம் மட்டும். பாடகரைக் காணோம்.

"உன் ஆளும் ஓடிட்டான்!" சாகிப் சிரித்தார்.

அப்புத்துரை சிரிக்கவில்லை. சத்தமே வராத செட்டைப் பார்த்திருக்கிறார். ஒரு பக்கம் மட்டும் வருவது, கரகரப்பது, இழுப்பது எல்லாம் பார்த்திருக்கிறார். பாடுகிற ஆளை மட்டும் பொறுக்கி எடுத்து ஒளித்துவைக்கிற செட்டை இன்றுதான் பார்க்கிறார்.

கேசட் நாடா உரசுகிற ஹெட்டைத் துடைத்தார். மாறவில்லை. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டு, அதே துளையில் ஹெட்ஃபோனைச் செருகிக் காதில் மாட்டினார்.

"இருக்காய்யா!" என்று கத்தினார். "உள்ள ஜோரா பாடறா!"

"அப்ப வெளிய வர வெக்கமா?"

"செட்டுல ஒண்ணும் இல்ல. கோளாறு வயருலதான்."

வயரைப் பிளந்தார். சாகிப்பும் கோப்பியை மறந்து குனிந்தார். மூன்று கம்பிகள். வலது ஸ்பீக்கருக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது, பிளக் பக்கத்தில் அறுந்து கிடந்தது.

"பார்த்தியா? வாத்தியம் ஆளுக்கொரு பக்கமா வரும். பாடற குரல் மட்டும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். இந்தப் பொதுக் கம்பி அறுந்துட்டா, ரெண்டு குரலும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுத் தின்னுடும். வாத்தியம் மட்டும் தப்பிச்சு வரும்."

"சொந்தக் குரலையே தின்னுதா? எங்க வீட்டுல ரெண்டு மச்சானுங்க பேசற மாதிரில்ல இருக்கு!"

அப்புத்துரை கம்பியைச் சுரண்டி, பற்றவைத்து, டேப் சுற்றினார். மறுபடி ஓடவிட்டபோது பாட்டுக்காரியின் குரல் கடையைத் தாண்டித் தெருவில் இறங்கியது. எதிர்க் கடைப் பூக்காரி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"மாஸ்டர்னா மாஸ்டர்தான்!" சாகிப் மேசையைத் தட்டினார்.

ஐந்தரைக்குக் குணவதி மூச்சிரைக்க வந்தாள். தலையில் மல்லிகை, கையில் ரவிக்கைப் பொட்டலம். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யாருண்ணே பாடறது?"

"உன் கேசட்டுக்காரிதான்! எத்தனை நாளா ஊமையா இருந்தா?"

"செட்டு கீழ விழுந்த நாள்லேருந்து. ஆறு மாசமா."

"ஆறு மாசமா! முன்னாடியே கொண்டு வந்திருக்கலாம்ல? பொதுக் கம்பி அறுந்து போச்சு. இனிமே ஜென்மத்துக்கும் அறுந்து போகாது. அப்படிப் பத்தவச்சிருக்கேன்!"

குணவதி பொட்டலத்தை நழுவவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"ஐயோ அண்ணே! ஆறு பாட்டரி வாங்கத்தான் வந்தேன், நீங்க வாயைத் திறக்க விட்டாத்தானே! மொதல்ல அந்தக் கம்பியைப் பழையபடி அறுத்துவிடுங்க... இவ இப்படிப் பாடினா, இன்னிக்குக் கல்யாணத்துல நான் எப்படிப் பாடறது?"