மில்சம் தெருவில் ஒரு தலையசைப்பு

மழை விட்ட மில்சம் தெருவின் ஈரக் கற்களில் வெயில் கண்ணைக் கூச வைக்கிறது. எஜமானிக்கும் மகள் லவீனியாவுக்கும் பின்னால் மூன்று தொப்பிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். கயிறு விரலை அறுக்கிறது. எதிர்ப்பக்கம் ரொட்டிக் கடை வாசலில், நீலக் கோட்டோடு லெப்டினன்ட் பாஸ்கோ நிற்கிறார். லவீனியா காத்திருக்கும், சொத்தில்லாத மனிதர். பிரெஞ்சுக்காரர்களோடு போருக்குப் போய் இரண்டு வருடமாகிறது, கன்னம் குழிந்துவிட்டது. பெண் முதலில் தலையசைக்காமல் ஆண் வணக்கம் சொல்லக் கூடாது என்பது இங்கே முறை. அவர் கை தொப்பி விளிம்பருகே காத்திருக்கிறது. லவீனியா அந்தப் பக்கம்தான் பார்க்கிறாள். ஆனால் பத்தடிக்கு அப்பால் அவளுக்கு எல்லாமே புகை. கண்ணாடி போட்ட பெண்ணை எவன் கட்டுவான் என்று, எஜமானி மகளின் கண்ணாடியைத் தன் கைப்பையில் வைத்திருக்கிறாள்.

"டோர்கஸ், அவரு வந்தா மொதல்ல என்ன சொல்லுவேன் தெரியுமா?" என்று லவீனியா என் பக்கம் திரும்புகிறாள். தினமும் ஒன்று புதிதாக யோசித்து வைப்பாள். "'குறி தப்பினதுக்கு பிரெஞ்சுக்காரங்களுக்கு என் நன்றியச் சொல்லிடுங்க'ன்னு."

"தெருவுல என்ன பேச்சு?" என்கிறாள் எஜமானி. அவளும் அவரைப் பார்த்துவிட்டாள். அடுத்து என்னைப் பார்க்கிறாள். வாய் திறந்தால் நாளைக்கு எனக்கு வேலை இல்லை.

தொப்பியருகே இருந்த கை மெல்ல இறங்குகிறது. அவர் திரும்பி நடக்கிறார்.

"அம்மா, அங்க நீலமா தெரியறது யாரு?"

"வெளக்குக் கம்பம். நட."

லவீனியா நடக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த நீலத்தையே பார்க்கிறாள்.

"கம்பம் நடந்து போகுதேம்மா."